வெளிநாட்டு அனுசரணையும் ஊர்க் கழகமும்: வாக்கு யாரிடம்?

இங்கிலாந்தில் சனிக்கிழமை பின்னேரம் 3 மணிக்குத் தொடங்கும் உதைபந்தாட்டம் கோடையில் இலங்கையில் எங்களுக்கு இரவு 7.30க்கு வரும். ஒக்ரோபர் கடைசி ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டைப் பின்தள்ளிய பிறகு 8.30. அந்த 3 மணி ஆட்டத்தை இங்கிலாந்தில் இருப்பவர் ரி.வி.யில் நேரடியாகப் பார்க்க முடியாது, அங்கே தடை. வன்னியில் மாங்குளத்துத் தேத்தண்ணிக் கடையில் இருப்பவர் பார்க்கலாம். மன்செஸ்ரர் யுனைற்றெட் தோற்றால் அந்தக் கடையில் முதல் திட்டு பயிற்றுநருக்கு விழும், இரண்டாவது கோல் காப்பாளருக்கு. அடுத்த நாள் பின்னேரம் ஊர்க் கழகம் தோற்றாலும் அதே வாய்கள், அதே வரிசை. இரண்டு இடத்திலும் திட்டு வாங்கினவர் முடிவை எடுத்தவர் இல்லை.

யுனைற்றெட்டின் கதையைச் சரியாக விளங்கிக்கொண்டால் ஊர்க் கழகத்தின் கதையில் பாதி விளங்கிவிடும். 2005 மே மாதம் மல்கம் கிளேசர் என்ற அமெரிக்கர் அந்தக் கழகத்தை ஏறத்தாழ 790 மில்லியன் பவுண் பெறுமதியில் கைப்பற்றினார். அதில் பெரும்பங்கு கடன் வாங்கின காசு. அந்தக் கடனின் பெரும்பகுதியும் அதுவரை கடனில்லாமல் இருந்த கழகத்தின் தலையிலேயே ஏறியது. வீட்டை வாங்கிவிட்டு, வாங்கின கடனைக் குடியிருப்பவனைக் கட்டச் சொல்வது மாதிரி. 2012 ஓகஸ்டில் நியூயோர்க் பங்குச் சந்தையில் கழகத்தின் பங்கு 14 டொலருக்கு வந்தது. பொதுச்சனம் வாங்கக்கூடிய பங்குக்கு ஒரு வாக்கு. குடும்பம் வைத்திருந்த மற்ற வகைப் பங்குக்குப் பத்து வாக்கு. ரசிகர்கள் காசு சேர்த்துப் பங்கு வாங்கினாலும் கூட்டத்தில் அவர்கள் கை உயர்வது தெரியாது.

2013இல் நெடுங்காலப் பயிற்றுநர் அலெக்ஸ் பெர்கியூசன் ஓய்வுபெற்ற பிறகு மொயஸ், வான் ஹால், மொறீனியோ, சொல்ஷார், டென் ஹாக், அமோரிம் என்று பயிற்றுநர்கள் வந்தார்கள். 2024 பெப்ரவரியில் பிரித்தானியத் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக வாங்கி, ஆட்டப் பக்கத்துப் பொறுப்பைக் கையேற்றார். அடுத்து வந்த 2024-25 பருவத்தில் 38 ஆட்டம், 11 வெற்றி, 9 சமநிலை, 18 தோல்வி, 42 புள்ளி, 15ஆம் இடம். பிரிமியர் லீக் தொடங்கிய பிறகு அந்தக் கழகத்துக்கு இவ்வளவு கீழான இடம் வந்ததில்லை. முதலாளியை மாற்றுவதைவிடப் பயிற்றுநரை மாற்றுவது மலிவான வேலை, அதுதான் அடிக்கடி நடக்கிறது.

வன்னியில் ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு முதலாளி என்று ஒருவரும் இல்லை. கழக விதிகளை எழுதிவைத்த யாப்புப்படி அது அங்கத்தவர்களின் சொத்து. பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தரிடம் போய்ப் பதிகிறபோதும் தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்தான் கொடுக்கிறோம். ஆனால் சீருடை, வெற்றிக்கிண்ணம், மின்னொளிச் சுற்றுப்போட்டி எல்லாம் ரொறன்ரோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ பாரிஸில் இருந்தோ வருகிற காசில் நடக்கின்றன. காசு அனுப்புகிறவர் போசகர். அந்தப் பதவிக்கு யாப்பில் ஒரு வரிகூட இருக்காது, அதிகாரம் மட்டும் இருக்கும். அவரில் பிழை சொல்வது சுலபம். கழகம்தான் வாக்கைத் தானாகக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தது.

வாக்கு கைமாறிவிட்டது என்பதற்கு அடையாளங்கள் உண்டு. காசு கழகக் கணக்குக்கு வராமல் செயலாளரின் சொந்தக் கணக்குக்கு வரும். சீருடையில் கழகப் பெயரைவிடக் காசு கொடுத்தவரின் தகப்பனார் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். பதினொருவர் பட்டியல் மைதானத்தில் சொல்லப்படுவதற்கு முதல் வட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். இவை எல்லாவற்றையும்விட மோசமானது இடைவேளைப் போன். ஆட்டம் முகநூலில் நேரடியாகப் போகிறது. ரொறன்ரோவில் விடிகாலையில் எழும்பிப் பார்க்கிற அண்ணை இடைவேளையில் எடுப்பார்: "தம்பி, அந்த இடது பின்வரிசைப் பெடியனை முதல்ல வெளியில எடு." இடைவேளை 15 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. அதில் ஐந்தாறு நிமிடம் போனில் போனால் பயிற்றுநருக்கு மிஞ்சுவது தண்ணீர் குடிக்கிற நேரம்தான். கைத்தொலைபேசியால் எடுக்கிறவர் நடுக்கோட்டில் நின்றுகொண்டு பந்தின் பின்னால் மட்டும் திருப்புவார். பந்து இல்லாத பக்கத்தில் யார் எங்கே நிற்கிறார் என்பது படத்தில் விழாது. இடது பின்வரிசைப் பெடியன் தனியே மாட்டுப்பட்டது அவனுடைய பிழையா, உதவிக்கு இறங்காத நடுவரிசைக்காரனின் பிழையா என்று அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்தது வெளி வீரர்கள். ஞாபகார்த்தக் கிண்ணம் என்றால் போசகருக்கு வெற்றி வேண்டும். அதற்கு யாழ்ப்பாணத்தில் இருந்தோ மன்னாரில் இருந்தோ நாலு பேரைக் காசு கொடுத்து இறக்குவார்கள். முதல் சுற்றில் இது வேலை செய்யும். அரையிறுதியில் உடையும், உடைகிற இடம் பெரும்பாலும் மூலை உதை. யார் முன்கம்பத்தில் நிற்பது, யார் எதிரணியின் உயரமான ஆளைப் பிடிப்பது என்பது பயிற்சியில் பழகிவருகிற விசயம். ஆட்டத்தன்று மத்தியானம் வானில் வந்து இறங்கினவருக்கு அது தெரியாது. அதைவிடப் பெரிய சேதம் அடுத்த வருடம் தெரியும். கிழமையில் நாலு பின்னேரம் பயிற்சிக்கு வந்து, இறுதிப் போட்டியில் வாங்கில் இருத்தப்பட்ட பதினேழு வயதுப் பெடியள் பிறகு வரமாட்டார்கள். சுற்றுப்போட்டி நடத்துகிற கழகம் வெளி வீரர் இரண்டு பேருக்கு மேல் இல்லை என்று விதிமுறைத் தாளிலேயே போட்டு, அடையாள அட்டைப் பிரதியையும் கிராம அலுவலரின் வதிவிடச் சான்றையும் போட்டிக்கு ஒரு கிழமைக்கு முதல் வாங்கி வைத்தால் முக்கால்வாசிச் சண்டை வராது. போட்டியன்று காலையில் வாங்கினால் அந்தத் தாள் சண்டைக்குத்தான் உதவும்.

காசைக் கேட்கிற விதத்திலும் எங்கள் பக்கத்துப் பிழை இருக்கிறது. "அண்ணை, கழகத்துக்கு ஏதாவது செய்யுங்கோ" என்று கேட்டால் அவருக்குத் தெரிந்ததை அனுப்புவார். முப்பது சீருடை வரும், பாதிக்கு மேல் அங்கத்தைய பெரிய அளவு, துணி தடிப்பு, முழுக்கை. எங்கள் பெடியளுக்கு நடுத்தர அளவும் சிறிய அளவும்தான் சரி. சித்திரை வெயிலில் அந்தத் துணியோடு ஓட ஏலாது. பூட்ஸும் அப்படித்தான். ஈரப் புல்லுக்கென்று செய்த, திருகிப் பூட்டுகிற உலோகக் குமிழ் வைத்த பூட்ஸ் வரும். எங்கள் கிரவல் மண்ணும் காய்ந்த செம்மண்ணும் அந்தக் குமிழை உள்ளே விடாது. கால் நிலத்தின் மேல் நின்று ஆடும், திரும்பும்போது கணுக்காலோ முழங்காலோ சுளுக்கும். அடியோடு சேர்த்து வார்த்த குட்டைக் குமிழ் உள்ளதைத்தான் கேட்கவேண்டும். காலைத் தாளில் வைத்துக் கீறி, அளவை மில்லிமீற்றரில் எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு கொம்பனிக்கும் இலக்கம் ஒவ்வொரு விதம்.

முதலில் கேட்கவேண்டியது பந்து. மூன்று பேருக்கு ஒரு பந்தாவது இல்லாமல் பயிற்சி இல்லை. இருபது பேர் இரண்டு பந்தோடு நின்றால் பதினெட்டுப் பேர் பார்வையாளர். ஐந்தாம் இலக்கப் பந்து, சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர், நிறை 410 முதல் 450 கிராம், காற்றழுத்தம் 0.6 முதல் 1.1 வளிமண்டல அலகு வரை. கடினத் தரையில் அழுத்தத்தை 0.7, 0.8 அளவில் வைத்தால் பந்து அடங்கி உருளும், துள்ளிக்கொண்டு போகாது. நல்ல வெயிலில் கிடந்த பந்தை அப்படியே அளந்தால் அழுத்தம் கூடத்தான் காட்டும், நிழலில் ஆறவிட்டு அளவுங்கள். பம்பின் ஊசியை நனைக்காமல் குத்தினால் வால்வு கிழியும். புதுப் பந்து ஒரு கிழமையில் காற்றுப் போகிறது என்றால் பெரும்பாலும் காரணம் அதுதான். மினுங்குகிற மெல்லிய தோல் பந்து கிரவலில் ஒரு மாதத்தில் சொறிந்துவிடும், அதை ஆட்டத்துக்கு மட்டும் எடுத்து வைத்துப் பயிற்சிக்குத் தடித்த தையல் பந்து வாங்குங்கள்.

கோல் கம்பம் அடுத்தது. உள் அகலம் 7.32 மீற்றர், குறுக்குக் கம்பத்தின் கீழ் விளிம்பு நிலத்தில் இருந்து 2.44. இரும்புப் பைப்பை இரண்டு அடிக்குக் குறையாமல் இறக்கிக் கொன்கிறீற் போடவேண்டும். தூக்கி வைக்கிற கம்பம் என்றால் பின்சட்டத்தில் மண் மூட்டை வைக்காமல் ஒரு நாளும் விடாதீர்கள், சின்னப் பிள்ளைகள் தொங்குவார்கள், கம்பம் முன்னால் சாயும். மாரி முடிந்ததும் கோல் வாசலில் பள்ளம் விழுந்திருக்கும், கம்பத்தின் உயரமும் அந்த அளவுக்குக் கூடியிருக்கும். மண் போட்டுத் தண்ணீர் தெளித்து இடித்து, திரும்ப அளந்தால்தான் கோல் காப்பாளருக்கு நியாயம். 100க்கு 64 மீற்றர் மைதானத்தில் எல்லாக் கோடும் வளைவும் சேர்ந்து ஏறத்தாழ 690 மீற்றர் வரும். கோட்டுக்குச் சுட்ட சுண்ணாம்பு போடவேண்டாம். ஈரத்தில் தோலையும் கண்ணையும் எரிக்கும்.

மின்விளக்குக் கடைசி. எல்லாப் போசகருக்கும் விளக்கில்தான் ஆசை, ஏனென்றால் படத்தில் அதுதான் தெரியும். விளக்குத் தருகிறேன் என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மாதாமாதம் கரண்ட் பில் யார் கட்டுவது? ஜெனரேற்றர் என்றால் டீசல், எரிந்துபோன விளக்கை ஏறி மாற்றுகிற ஆளின் கூலி? மூன்று வருடத்துக்கு அந்தச் செலவையும் சேர்த்துத் தந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் இரண்டாம் வருடம் கம்பத்தில் பூசணிக்கொடி ஏறும்.

இனி யாப்பு. ஜேர்மனியில் 1998இல் கொண்டுவந்த விதி ஒன்று இருக்கிறது: கழகத்தின் ஆட்டப் பகுதி கொம்பனியாக மாறினாலும், பாதிக்கு மேல் ஒரு வாக்காவது அங்கத்தவர் கையில் இருக்கவேண்டும். லெவர்குசன், வொல்ஃப்ஸ்பேர்க் போன்ற விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் விதி நிற்கிறது. கிளேசர் வந்த அதே 2005இல் கோபித்துக்கொண்ட யுனைற்றெட் ரசிகர்கள் எஃப்சி யுனைற்றெட் ஒஃப் மன்செஸ்ரர் என்று தங்களுக்கென்று ஒரு கழகம் தொடங்கினார்கள். எவ்வளவு காசு போட்டாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. வன்னிக் கழகத்துக்கு வேண்டிய வரி இதுதான். வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் சந்தா கட்டினால் அவரும் அங்கத்தவர், அவருக்கும் ஒரு வாக்கு. இரண்டு இலட்சம் தந்தவருக்கும் இருநூறு தந்தவருக்கும் அதே ஒன்று.

அதோடு இன்னும் நாலு வரி சேருங்கள். அணித் தெரிவு பயிற்றுநர், தலைவர், நிர்வாகசபை அனுப்புகிற ஒருவர் என மூவருடையது, ஆட்டம் முடியும்வரை வேறு யாரும் தலையிடக்கூடாது. வங்கிக் கணக்கில் மூவர் கையெழுத்து இருக்கட்டும், எடுக்க இருவர் போதும், ஆனால் ஒருவர் பொருளாளராக இருக்கவேண்டும். அன்பளிப்பாக வந்த பொருள் வந்த அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏறும், ஏறின பிறகு அது கழகத்தின் சொத்து. கழகம் கலைந்தால் சொத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகும். இந்தக் கடைசி வரியை நிறையக் கழகங்கள் எழுதுவதில்லை. கழகம் இரண்டாக உடைகிறபோது கோல் வலையை யார் வீட்டில் வைப்பது என்ற சண்டை அதனால்தான் வருகிறது.

தூரத்தில் இருக்கிறவரோடு கூட்டம் வைக்கவும் கணக்கு வேண்டும். ஞாயிறு இரவு 7 மணி வைத்தால் கோடையில் லண்டனில் பின்னேரம் 2.30, பாரிஸில் 3.30, ரொறன்ரோவில் காலை 9.30. அவர்களுடைய குளிர்காலத்தில் மூன்றும் ஒரு மணித்தியாலம் முன்னால் வரும். மெல்பேணில் இருப்பவருக்குப் பாதிச் சாமம், அவருக்குக் குறிப்பை எழுதி அனுப்புங்கள். மாதம் ஒரு முறை, நாற்பது நிமிடம், முதலில் வங்கிப் புத்தகத்தின் படம், பிறகு பற்றுச்சீட்டுகள், கடைசியில்தான் ஆட்டம். ஆட்டத்தை முதலில் எடுத்தால் கணக்குக்கு நேரம் வராது. கணக்குக் காட்டாத கழகம்தான் போசகரை முதலாளியாக்குகிறது. என்ன நடந்தது என்று தெரியாதவர் சந்தேகப்படுவார், பிறகு கட்டளை போடுவார்.

தோல்வியைப் பற்றிக் கதைக்கவும் ஒரு கொப்பி வேண்டும். ரசிகர் யாராவது ஒருவர் எல்லைக்கோட்டில் இருந்து நாலே நாலு விசயம் எழுதினால் போதும்: வாங்கின ஒவ்வொரு கோலும் எத்தனையாம் நிமிடம், எப்படி வந்தது, அந்தக் கிழமை பயிற்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வேலையால் வரவில்லை. பத்து ஆட்டத்துக்குப் பிறகு கொப்பி கதைக்கும். கோல்கள் கடைசிக் கால் மணித்தியாலத்தில் விழுந்தால் மூச்சுப் போதவில்லை, அல்லது தண்ணீர் ஒழுங்கு இல்லை. மூலை உதையில் விழுந்தால் ஆள் பிடிக்கிற ஒழுங்கு பிழை. காலபோக அறுவடை நேரத்தில் மட்டும் தோற்றால் பயிற்றுநரில் பிழையே இல்லை, பெடியள் வயலில் நிற்கிறார்கள். முல்லைத்தீவுக் கரையோரம் என்றால் இராத் தொழிலுக்குப் போய் விடியக் கரைக்கு வந்தவனைப் பின்னேரம் ஓடச் சொல்கிறோம். இது ரொறன்ரோவில் இருப்பவருக்குத் தெரியாது, கொப்பியைப் படம் எடுத்து அனுப்பினால் தெரியும்.

எதிர்ப்பும் செய்யலாம், செய்யவேண்டிய நேரம் வரும். 2010இல் யுனைற்றெட் ரசிகர்கள், கழகம் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் இருந்த காலத்துப் பச்சையும் மஞ்சளும் கொண்ட சால்வை போட்டு அரங்கை நிறைத்தார்கள். பார்க்க வடிவாக இருந்தது, முதலாளி அசையவில்லை. 2021 மே 2 மைதானத்துக்குள் இறங்கினார்கள், லிவர்பூலோடு இருந்த ஆட்டம் அன்று நடக்கவில்லை, 13ஆம் திகதி நடந்தது. லிவர்பூல் ரசிகர்கள் 2016 பெப்ரவரி 6 செய்தது வேறு விதம். நுழைவுச் சீட்டு 77 பவுணுக்கு ஏறப்போகிறது என்றதும் 77ஆம் நிமிடம் பத்தாயிரம் பேரளவில் எழும்பி வெளியே போனார்கள். அப்போது அணி 2-0 என முன்னால் நின்றது. சண்டர்லாந்து இரண்டு கோல் போட்டு ஆட்டம் சமநிலையில் முடிந்தது. நாலே நாளில் முதலாளிமார் மன்னிப்புக் கேட்டு விலையைக் கைவிட்டார்கள். வெளியே போ என்று சொன்னால் முதலாளி போகத் தேவையில்லை. இந்த விலையைக் கைவிடு என்றால் கைவிடலாம், கைவிடாவிட்டால் என்ன இழப்பு என்றும் தெரியும்.

ஊரில் முகநூலில் எழுதுவது உதவாது. எல்லாரும் ஒரு வழியில் சொந்தம். போசகரின் தாய் கோயிலடியில்தான் இருப்பார், அவரைக் கடந்துதான் மைதானத்துக்குப் போகவேண்டும். பதினைந்து அங்கத்தவர் கையெழுத்து வைத்து, ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் செயலாளரிடம் கொடுங்கள்: இந்தச் சுற்றுப்போட்டிக்கு வந்த காசு எவ்வளவு, வெளி வீரருக்குப் போனது எவ்வளவு? பதில் சொல்ல 14 நாள். சொல்லாவிட்டால் யாப்பிலுள்ளபடி விசேட பொதுக்கூட்டம். கேள்வியின் நகல் ஒன்றை மரியாதையான ஒரு வரியோடு போசகருக்கும் அனுப்புங்கள். பல தடவை அவருக்கே அந்தக் கணக்குத் தெரியாமல் இருக்கும்.

மேலே இருக்கிற படிகளையும் மறக்கக்கூடாது. 2023 ஜனவரி 21 ஃபீஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி இடைநிறுத்தியது. ஓகஸ்ட் கடைசியில்தான் தடை நீங்கியது. அவ்வளவு நாளும் தேசிய அணிக்குச் சர்வதேச ஆட்டம் இல்லை. அந்தச் சண்டையில் வன்னி ரசிகருக்கு நேரடி வாக்கு இல்லை, ஆனால் கழகம் உள்ளூர் லீக்கில் அங்கம், லீக் சம்மேளனத்தில் அங்கம். லீக் கூட்டத்துக்கு உங்கள் கழகத்தில் இருந்து யார் போகிறார், யாரைக் கேட்டுக் கை உயர்த்துகிறார் என்பதைப் பொதுக்கூட்டக் குறிப்பில் எழுத வையுங்கள். பெரும்பாலும் நேரம் உள்ளவர் போவார், திரும்பி வந்து ஒன்றும் சொல்லமாட்டார்.

தூரம் மட்டும்தான் நோய் என்று நினைத்தாலும் பிழை. இங்கிலாந்தின் லெஸ்ரர் கழகத்துக்கு முதலாளியாக இருந்த விச்சாய் தாய்லாந்துக்காரர். 2016இல் அந்தக் கழகம் பிரிமியர் லீக்கை வென்றது. 2018 ஒக்ரோபரில் ஆட்டம் பார்த்துவிட்டு மைதானத்தில் இருந்து கிளம்பின உலங்குவானூர்தி விழுந்து அவர் இறந்தபோது ரசிகர்கள் வாசலைப் பூவால் மூடினார்கள். அவர் வந்து இருந்து பார்த்தவர்.

எங்கள் ஆட்களும் வருவார்கள், ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில். ஆண்டுப் பொதுக்கூட்டத்தை அந்தக் கிழமையில் வையுங்கள், சுற்றுப்போட்டி தொடங்க முதல், பின்னேரம் 3 மணிக்கு. வங்கிப் புத்தகம், இருப்புப் பதிவேடு, தோல்விக் கொப்பி மூன்றும் மேசையில் இருக்கட்டும். போசகருக்கு மேடை வேண்டாம், மற்ற அங்கத்தவரோடு வரிசையில் ஒரு கதிரை, கையில் ஒரு வாக்குச் சீட்டு. கூட்டம் முடிய 5 மணிக்குப் பயிற்சி. அவருக்கும் ஒரு சோடி பூட்ஸ் எடுத்து வையுங்கள், குட்டைக் குமிழ் உள்ளதாக.